குளத்தை ஆறாக்கும் வேலை

1

இந்தக் கிழமை எனக்குக் கிடைத்த உத்தரவு: சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குக் குளத்தை ஆறாக்க வேண்டும்.

உத்தரவு போட்டது மானேஜர் அல்ல, பதினோராம் இலக்க வீட்டுப் பானி ஹலினா. பானி என்பது போலந்துக்காரர் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அவருக்கு எண்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் புதிது, குரல் மட்டும் பழையது.

மெல்பேர்ணின் கிழக்கே, ரோவிலைத் தாண்டி மலைப்பக்கமாகப் போனால், போலந்திலிருந்து வந்து வயதாகிப்போனவர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. நாற்பது சிறிய வீடுகள், ஒரு மண்டபம், ஒரு சிற்றாலயம், நடுவில் ஒரு வட்டக் குளம். எல்லோரும் அதைக் கிராமம் என்றுதான் சொல்வார்கள். அங்கே புல் வெட்டுவதும், கூரைப் பீலிக்குள் அடைத்த இலையை அள்ளுவதும், பல்ப் மாற்றுவதும் என் வேலை. ஆறு வருடமாகிறது. வாழ்க்கையில் நான் ஓரிடத்தில் இவ்வளவு காலம் இருந்ததில்லை.

ஆனி மாதத்தில் அவர்களுடைய நாட்டில் பகல் ஆக நீண்ட நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஊரே ஆற்றங்கரையில் கூடும். நெருப்பு மூட்டிச் சோடி சோடியாகப் பாய்ந்து தாண்டுவார்கள். குமர்ப்பிள்ளைகள் பூவை வட்டமாகக் கட்டி, நடுவில் மெழுகுதிரி ஏற்றி, ஆற்றில் விடுவார்கள். வளையம் நீரோடு போனால் அந்த வருடம் கல்யாணம். கரைக்குத் திரும்பி வந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். திரி அணைந்தால் அதைப்பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இளந்தாரிகள் தண்ணீருக்குள் நின்று வளையத்தைப் பிடிப்பார்கள்.

இங்கே ஆனி என்றால் குளிர்காலம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மார்கழியில் வைத்தால் என்ன, அப்போதுதானே இங்கே கோடை என்று சிலர் கேட்டார்கள். மார்கழியில் நெருப்புக்குத் தடை, பூ எல்லாம் கருகிவிடும் என்றார்கள் வேறு சிலர். பானி ஹலினா ஒரே வார்த்தையில் முடித்தார். "திகதி எண்டால் திகதிதான். சூரியன் எங்க நிண்டாலும் எனக்கென்ன."

அவரும் நானும் பேசிக்கொள்வது ஆளுக்கொரு விதமாக உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் வெட்கம். ஆகவே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

2

குளம் ஆறானது தற்செயலாகத்தான். நான் வந்த முதல் வருடம் பன்னிரண்டு வளையங்களை விட்டார்கள். பன்னிரண்டும் கரையோரம் தாரா வாத்துகள் மாதிரி நின்றன. காற்றும் இல்லை. குளிரில் கால் விறைக்க அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது ஆறில்ல, சூப்" என்றார் பானி ஹலினா.

குளத்துத் தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்க ஒரு பம்ப் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சி இரண்டு குழாய்களால் திரும்பவும் குளத்துக்குள் தள்ளும். நான் போய் அதைப் போட்டுவிட்டேன். வளையங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கிழவிகள் கைதட்டியது பம்ப் கொட்டில்வரை கேட்டது.

பிறகு பழகப் பழக எனக்கு அந்தக் குளத்தின் போக்குப் பிடிபட்டது. இடது குழாயைத் திறந்தால் நீரோட்டம் நேரே எதிர்க்கரைக்குப் போகும். வலது குழாயைத் திறந்தால் தண்ணீர் குளத்தைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வரும். கொட்டிலின் தகரத்தில் ஒரு நீக்கல் இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தபடி வால்வைத் திருகினால் யாருடைய வளையத்தையும் நினைத்த இடத்துக்கு அனுப்பலாம்.

இது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆனி பிறந்தால் நான் புல் வெட்டும் இடத்துக்கு ஒவ்வொருவராக வருவார்கள். காலநிலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள். போகிற போக்கில், "என்னுடையது இந்த முறை போகட்டும்" என்பார்கள். எல்லோரும் விதவைகள். எங்கே போகட்டும், யாரிடம் போகட்டும் என்று நான் கேட்பதில்லை.

பானி ஹலினாவின் கட்டளை மட்டும் தெளிவாக இருக்கும். எதிர்க்கரையில் மீன்வலையோடு நின்று வளையம் பிடிப்பவர் ஸ்டாஷெக். எண்பத்தெட்டு வயது, மனைவி இல்லை, நடப்பதற்குச் சில்லு வைத்த வண்டி.

"அவன்ர பக்கம் என்னுடையதை விட்டிடாத. போன வருஷம் பிடிச்சுப்போட்டு மூண்டு மாசம் என்ர வீட்டில வந்து சூப் குடிச்சவன்."

"நீங்கள்தானே பானி போன வருஷம் அந்தப் பக்கம் விடச் சொன்னனீங்கள்?"

"போன வருஷம் எனக்கு எண்பத்தஞ்சு வயது. புத்தி காணாது."

இந்த வருடம் புதிதாக ஒரு படிவம் வந்தது. காப்புறுதிக்காரர் கேட்கிறார்களாம். ஆபத்துகளை எழுதி, ஒவ்வொன்றையும் எப்படிக் குறைப்பது என்றும் எழுத வேண்டும். தண்ணீர், முதியவர்கள், இருட்டு, நெருப்பு. பூக்களுக்கும் ஒரு வரி இருந்தது. காம்பு தரையில் விழுந்தால் வழுக்குமாம். நெருப்புத் தாண்டுவது முற்றாக இல்லை. மெழுகுதிரிக்குப் பதிலாக பற்றறியில் மினுங்கும் திரி வாங்கித் தருவதாக மானேஜர் சொன்னார். நல்ல மனிசி. ஆளுக்கு முப்பது வயதுகூட இராது.

பானி ஹலினா அந்தப் பற்றறித் திரியைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தார்.

"அணையாத திரி என்னத்தைச் சொல்லும்?" என்று கேட்டார்.

மானேஜர் அதைத் திருப்பி வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். கடைசியில், உண்மையான திரி ஏற்றலாம், ஆனால் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்து வைத்து, வாளியோடு பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். "ஏதும் நடந்தால் உங்கட பெயர்தான் வரும், சிவா" என்றார். என்னுடைய விசாவில் இருப்பவன் எந்தப் பிரச்சினையிலும் பெயர் வரவிடக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கையெழுத்து வைத்தேன்.

3

வளையம் விடுவதை நான் முதலில் கண்டது இங்கே அல்ல.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு ஓட்டம்தான். முள்ளியவளையிலிருந்து வவுனியா, அங்கிருந்து கொழும்பு, கட்டாரில் இரண்டு வருடம், பிறகு ஜேர்மனிக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனோடு மொஸ்கோ. அவன் எங்கள் மூன்று பேரை எல்லைக் காட்டுக்குள்ளால் நடத்தி, போலந்துக் கிராமம் ஒன்றின் வைக்கோல் கொட்டிலில் விட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனான். மூன்று கிழமையாக வரவில்லை. பகலில் வைக்கோலுக்குள் படுத்திருப்போம். சாயங்காலம் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிப் பச்சையாகத் தின்போம். அந்த நாட்டில் ஆனி மாதச் சாயங்காலம் முடியவே முடியாது. ஒளித்திருப்பவனுக்கு அதுபோல் தொல்லை வேறில்லை.

ஒரு நாள் ஆற்றுப் பக்கமிருந்து பெண்கள் பாடும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கால் பார்த்தோம். ஆறு முழுக்க வெளிச்சம். பூவளையங்கள், நடுவில் எரியும் திரி, வரிசையாக வந்துகொண்டிருந்தன.

எங்கள் ஊரில் வட்டமாகக் கட்டிய பூவை நாங்கள் செத்தவீட்டில்தான் கண்டிருக்கிறோம். மன்னார்ப் பெடியன் யூட் மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, செத்தவைக்கு விளக்கு விடுகினம்." சொல்லிவிட்டு முழந்தாளில் இருந்து, தன் தமையனுக்காகச் சிலுவை போட்டான். நானும் எனக்குள்ளே நான்கைந்து பெயர்களைச் சொன்னேன். அங்கே கேட்டது சந்தோஷப் பாட்டு என்று எங்கள் மூவருக்கும் படவே இல்லை.

விடியத் தண்ணீர் குடிக்கப் போனபோது ஒரு வளையம் நாணலில் தடக்குப்பட்டு நின்றது. யாரோ ஒருவருடைய ஆத்துமா கரையில் சிக்கி நிற்பதுபோல் இருந்தது எனக்கு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் தூக்கி, கண்ணில் ஒற்றி, நடு ஆற்றில் கொண்டுபோய் விட்டேன். திரும்பினால் கரையில் ஒரு பெட்டை நிற்கிறாள். கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு ஓடினாள். மத்தியானம் பொலிஸ் வந்தது. ஆறு மாதம் முகாம், பிறகு கொழும்புக்கு விமானம்.

செத்தவர்களுடைய பூவைத் தொட்டதால்தான் அவர்களுக்குக் கோபம் வந்தது என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். பானி ஹலினாவுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் குளக்கரை வாங்குப் பலகையில் போய் இருக்க வேண்டியதாயிற்று.

"மடையா! வளையத்தைப் பிடிக்கிறவன்தான் மாப்பிள்ளை. அவள் தன்ர மாப்பிள்ளை ஆரெண்டு பாக்க வந்திருக்கிறாள். நீ பிடிச்சுப்போட்டுத் திருப்பித் தள்ளி விட்டிருக்கிறாய்."

அன்றிலிருந்து அது அவருக்கு வாய்ப்பாடமாகிவிட்டது. நான் வேலைக்குப் பிந்தினாலும், தேநீரை ஆறவிட்டாலும் சொல்வார்: "உனக்கென்ன, அங்க ஒருத்தியக் காக்க வச்சுப்போட்டு வந்தவன்தானே."

அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. கடல்நீரில் அம்மனுக்கு விளக்கெரிக்கும் ஊர் என்னுடையது. எரிகிறதா என்று வெளியாட்கள் கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும்.

4

காக்க வைத்த கதை பானி ஹலினாவுக்குப் பகிடி. எனக்கு அது வேறு.

என் மனைவி வதனி வவுனியாவில் இருக்கிறாள். நான் இந்த நாட்டுக்குப் படகேறியபோது மகள் துவாரகாவுக்கு இரண்டு வயது. இப்போது பதினைந்து. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, மேன்முறையீடு செய்து, அதுவும் இழுபட்டு, நான் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறேன். ஒரு முடிவு வரும்வரை இருக்கலாம் என்ற தற்காலிக அனுமதி அது. அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். நாட்டைவிட்டு ஒருமுறை வெளியேறினால் அதோடு முடிந்தது, திரும்பி வர முடியாது. குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் சொல்வார், இந்த முறை தருவார்களாம் என்று. ஒவ்வொரு வருடமும் நான் வதனிக்கு அதையே சொல்வேன்.

போன மாதம் அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"வாறதெண்டா வாங்கோ. இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் அழமாட்டன். ஆனா இந்த முறை விசா புதுப்பிக்க முதல் சொல்லிப்போடுங்கோ. இன்னும் ஒரு வருஷம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்ப தலையிடிக்குது."

விசா ஆடி முடிவில் முடிகிறது.

போனால் விமான நிலையத்தில் விசாரிப்பார்கள். அது பயம்தான், ஆனாலும் போன சிலர் நல்லபடி வீடு சேர்ந்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு வேறொன்று பயம். மகளோடு எனக்குப் பேசத் தெரியவில்லை. போனில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்பேன். அவள் "ஓம்" என்பாள். மூன்றாவது கேள்விக்குள், "அப்பா, இன்ரநெற் பிரச்சினை, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவாள். வதனியோடு பேசும்போது அந்த நெற் ஒரு மணித்தியாலம் நன்றாக வேலை செய்யும். இங்கே பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்று மற்றத் தகப்பன்மார் கவலைப்படுகிறார்கள். என் பிள்ளை தமிழில்தான் பதில் சொல்கிறாள். ஆனாலும் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால் விசா ஒரு சாட்டுப்போக்காகவும் ஆகிவிட்டது. புறப்படுவது எனக்குப் பழகிய வேலை. ஒரு பை, ஒரு சோடிச் சப்பாத்து, அவ்வளவுதான். திரும்பிப் போய் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, நான்தான் அப்பா என்று நிற்பது பழக்கமில்லாத வேலை.

5

சனிக்கிழமை. மழை இல்லை, குளிர் கடித்தது.

பூவுக்கு நான் காலையில் மலைக்குப் போய்ப் பன்னத்தழையும், வாட்டில் மரத்து மஞ்சள் பூவும் வெட்டி வந்தேன். வளையத்தில் அவசியம் இருக்க வேண்டிய ஒரு பூ உண்டு. ஐந்து இதழ், மஞ்சள், புனித யோவானின் பெயரில் அழைப்பார்கள். இந்த மாநிலத்தில் அது களை. கண்டால் அழிக்க வேண்டும். கோடையில் நானே வேலியோரமிருந்து பிடுங்குவேன். விதை வைக்க முதல் பிடுங்கியதில் ஒரு பிடியைப் பம்ப் கொட்டிலில் தலைகீழாகக் கட்டிக் காயவைத்திருப்பேன். அது படிவத்தில் எழுதாத ஆபத்து.

மண்டபத்தில் பதினொரு பெண்கள் இருந்து கட்டினார்கள். பானி ஹலினா இரண்டு கட்டினார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"இது உன்ர."

"நான் கலியாணம் கட்டினவன் பானி. இது குமர்ப்பிள்ளையளின்ர விளையாட்டு."

"சுத்திப் பார். இதில ஆர் குமர்? சட்டம் கதையாத." கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். வதனி சொன்னதை அவருக்கு நான் சொல்லியிருந்தேன். "எதிர்க்கரைக்குப் போனால் நீ இஞ்ச இருக்கிறாய், உன்ர மனிசிக்கு ஒரு நாள் விசா கிடைக்கும். திரும்பி வந்தால் நீ போறாய்."

"பம்ப் என்ர கையிலதானே இருக்குது?"

"அதுக்குத்தான் சொல்லுறன். எதிர்க்கரைக்கு விடு. கள்ளம் செய், நான் பாவமன்னிப்புக் கேக்கிறன். நீ போனால் எனக்கு ஆர் பல்ப் மாத்துறது? அந்தச் சின்னப் பெட்டையோ?"

அந்தச் சின்னப் பெட்டை மானேஜர். வாசலில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஓம், விடுறன்" என்றேன்.

முதலில் நெருப்புத் தாண்டல். இரண்டு டோர்ச் லைற்றுக்கு மேல் சிவப்புத் தாள் போர்த்தி நிலத்தில் வைத்திருந்தோம். ஸ்டாஷெக் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதைத் தாண்டினார். இரண்டு நிமிடம் எடுத்தது. தாண்டி முடிந்ததும் குனிந்து காலைத் தடவி, "சுட்டுப்போட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் வலையை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார்.

பெண்கள் பாடத் தொடங்கினார்கள். நான் வாளியை மானேஜரிடமே விட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் போனேன். இடது வால்வைத் திறந்தேன். தகர நீக்கலால் பார்த்தபடி ஒவ்வொன்றாக அனுப்பினேன். பானி ஹலினாவின் வளையம் நேராகப் போய் ஸ்டாஷெக்கின் வலைக்குள் விழுந்தது. பானி கரையில் நின்று சத்தம் போட்டுத் திட்டினார். அந்தப் பக்கம் விடாதே என்று அவர் நாலு தரம் சொன்னதிலேயே எனக்கு விளங்கிவிட்டிருந்தது.

கடைசியாக என்னுடையதை அவரே குனிந்து விட்டார்.

அது மெதுவாக நடுக்குளத்துக்குப் போனது. திரி நேராக எரிந்தது. இடது வால்வு திறந்தபடியே இருந்தது. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா நின்றிருந்தால் அது எதிர்க்கரைக்குப் போயிருக்கும். ஸ்டாஷெக் வலையை நீட்டிவிட்டார்.

தண்ணீரில் இடுப்பளவு நின்று ஒரு வளையத்தை நடு ஆற்றில் தள்ளிவிட்ட என் கைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கரையில் நின்றவளின் முகம் ஞாபகம் இல்லை. வாயைப் பொத்திய கை மட்டும்தான்.

நான் இடது வால்வைப் பூட்டினேன். வலதைத் திறந்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். திருகிய பிறகுதான், திருகிவிட்டேன் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு மாற்றித் திருக நேரம் இருந்தது. மாற்றவில்லை.

வளையம் ஸ்டாஷெக்கின் வலைக்கு ஒரு முழம் முன்னே நின்று, திரும்பி, குளத்தைச் சுற்றிக்கொண்டு பானி ஹலினா நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கொட்டிலைப் பார்த்தார். தகர நீக்கலுக்குள் என் கண் தெரியாது, ஆனாலும் நேராக அதைத்தான் பார்த்தார்.

நான் வெளியே வந்தேன்.

"பம்ப் பழுதோ?" என்று கேட்டார்.

"இல்லை பானி."

அப்போதுதான் குனிந்து வளையத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டாஷெக்கைக் கூப்பிட்டு, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். ஸ்டாஷெக் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இவனுக்கு வால்வைக் காட்டிக் குடு" என்றார் பானி என்னிடம். "எது இடது, எது வலது எண்டு எழுதி ஒட்டு. இவனுக்கு அதுவும் மறந்துபோகும்."

6

எங்களுக்குப் பின்னேரம் என்றால் அங்கே மத்தியானம். வாங்கில் இருந்தபடியே வதனிக்கு எடுத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா குசினிக்குள்ள. கையெல்லாம் மீன்."

"சரி, நீயே சொல்லு. அப்பா வாறன் எண்டு சொல்லு."

"எங்க?"

"வீட்டுக்கு. ஆடி முடிய முதல்."

நெற் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். குளத்தில் என் வளையத்தின் திரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மானேஜர் வாளியோடு அதற்குப் பக்கத்தில் கவனமாக நின்றார்.

"அப்ப என்ர மேசைய எங்க வைக்கிறது?" என்றாள் துவாரகா.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் இரண்டு பேரும் படுப்பார்கள். மற்றதில் அவளுடைய படிப்பு மேசை இருக்கிறது. நான் வந்தால் யாராவது ஒருவர் அந்த அறைக்கு மாற வேண்டும் என்று அவள் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"மேசை அங்கேயே நிக்கட்டும். நான் விறாந்தையில படுப்பன்."

"விறாந்தையில மழை அடிக்கும்."

"தகரம் அடிச்சு மறைக்கலாம். எனக்கு அந்த வேலை தெரியும்."

"எந்தப் பக்கம் மறைப்பியள்? ரோட்டுப் பக்கம் மறைச்சா எனக்குப் படிக்க வெளிச்சம் வராது."

"எந்தப் பக்கத்தால வெளிச்சம் வருது?" என்று கேட்டேன். எனக்கு அது தெரியாது. நான் போன பிறகு கட்டிய வீடு அது.

"பொறுங்கோ" என்றாள். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு நடந்து போய், எனக்குக் காட்டத் தொடங்கினாள்.